பெயர் பொறிக்கும் கடன்: போரில் வீழ்ந்த வீரரை நினைவுகூரும் நாள் பற்றி

ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 11 மணிக்குப் பிரிட்டனிலும் காமன்வெல்த் நாடுகள் பலவற்றிலும், 1918ஆம் ஆண்டு அதே நாளில் அதே மணியில் முதல் உலகப் போரின் மேற்குக் களத்தில் பீரங்கிகள் ஓய்ந்ததை நினைந்து, இரண்டு நிமிடம் மௌனம் காக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தம் படைகள் 1915இல் துருக்கியின் கலிபோலிக் கரையில் இறங்கிய ஏப்ரல் 25ஆம் நாளையும், அமெரிக்க ஐக்கிய நாடுகள் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையையும் இதற்கெனக் கொண்டுள்ளன. இந்தியாவில் 1971 போரின் வெற்றி நாளான டிசம்பர் 16ஆம் நாளும், கார்கில் போரின் வெற்றி நாளான ஜூலை 26ஆம் நாளும் களத்தில் மாண்டவர்க்கு மலர்வளையம் வைக்கும் நாள்களாக அமைந்துள்ளன. ஊதுகொம்பு, மௌனம், மலர்வளையம் என்னும் சடங்குகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பினும், அவற்றுக்கு அடியில் கிடக்கும் வினா அவ்வளவு எளிதன்று: மாண்டவருள் யார் பெயரால் நினைக்கப்படுகிறார், யார் வெறும் எண்ணிக்கையாக நினைக்கப்படுகிறார்? ஒரு நாடு தன் வீரர்க்குச் செய்யும் மரியாதையை அதன் நினைவுச் சின்னத்தின் உயரத்தாலும் அணிவகுப்பின் பொலிவாலும் அளப்பதைவிட, அதன் பெயர்ப்பட்டியலின் நிறைவால் அளப்பதே பொருந்தும் என்பது இவ்வுரையின் கருத்து.

பழைய மரபுகள்

மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் தமிழ் நிலத்தில் மிகப் பழையது. போரிலோ ஆநிரை கவர்தல், மீட்டல் ஆகியவற்றிலோ உயிர்விட்டவனுக்காக நட்டு வழிபடப்பெற்ற கல் நடுகல் எனப்பட்டது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்குரிய சடங்குகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்தவன் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வர, அதன் கீழ் ஊர்க்காவலனாக நின்று விழுந்த எளிய மனிதனின் பெயரும் அவன் செய்த செயலும் வருகின்றன. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் சேர்த்தே பதிவு செய்கிறது. ஊரைக் காத்தவனின் பெயர் அவன் காத்த ஊரின் எல்லையிலேயே நிற்க வேண்டும் என்பது இம்மரபின் உள்ளீடு.

பேரரசுகளின் பெரும்படைகள் மோதிய காலத்தில் உலகின் பல பகுதிகளில் இந்த ஒழுங்கு இருந்ததில்லை. 1815இல் வாட்டர்லூவில் மாண்ட சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலும் பொதுக்குழிகளில் தள்ளப்பட்டனர். சிலைகளும் தேவாலயக் கல்வெட்டுகளும் தளபதிகளுக்கே உரியவையாயின. இந்நிலை பேரளவில் மாறத் தொடங்கியது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதாகும். 1862இல் இயற்றிய சட்டத்தின்படி தேசியக் கல்லறைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டு, போருக்குப்பின் வடபகுதிப் படையின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரரின் உடல்கள் களங்களிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு அவற்றில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. ஆயினும் அவர்களுள் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் அடையாளம் தெரியவில்லை. 1868 மே 30ஆம் நாள், முன்னாள் படைவீரர் அமைப்பின் தலைவராயிருந்த ஜான் லோகனின் ஆணையால், கல்லறைகளுக்கு மலர் சூட்டும் நாள் நாடெங்கும் கடைப்பிடிக்கப்பட்டது. இன்றைய அமெரிக்க நினைவு நாள் அதிலிருந்து வளர்ந்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1865 மே முதல் நாளில், தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் அப்போதுதான் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள், அங்கிருந்த சிறைமுகாமில் இறந்த 257 வடபகுதி வீரரின் கல்லறைகளைச் செப்பனிட்டு ஊர்வலமாகச் சென்று மலர் தூவினர் என்பதை வரலாற்று ஆய்வு பின்னர் வெளிக்கொணர்ந்தது. வீரரை நினைவுகூர்ந்தோரின் நினைவே நெடுங்காலம் மறைந்து கிடந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

சமத்துவக் கோட்பாடு

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படையில் கல்லறைகளைப் பதிவு செய்யும் முறையான துறை ஏதும் இருக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்தி அணி ஒன்றோடு பிரான்சுக்குச் சென்ற ஃபேபியன் வேர், சாலையோரங்களிலும் வயல்களிலும் மரச்சிலுவைகளோடு சிதறிக் கிடந்த புதைகுழிகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார்; அந்த முயற்சி வளர்ந்து 1917 மே 21ஆம் நாள் அரச பட்டயத்தால் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமாக உருப்பெற்றது. 1960இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப் பெயர் மாறிய அவ்வமைப்பு, இரு உலகப் போர்களிலும் மாண்ட ஏறத்தாழ 17 லட்சம் பேரின் கல்லறைகளையும் நினைவுப் பலகைகளையும் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இன்று பேணுகிறது.

பெயரைக் காப்பது சிறு பொருள்களைக் கூடப் பொறுத்திருந்தது. போரின் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அடையாள வில்லை மட்டுமே வழங்கப்பட்டது. அவன் இறந்தால் அலுவலகப் பதிவுக்காக அதைக் கழற்றிச் செல்ல, பின்னர் உடல் வேறிடத்துக்கு மாற்றப்படும்போதோ குண்டுவீச்சில் புதைகுழி கலைந்தபோதோ அது யாருடைய உடல் என அறிய வழியின்றிப் போயிற்று. 1916இல் ஒன்று பதிவுக்கு, மற்றொன்று உடலோடு என இரண்டு வில்லைகள் வழங்கும் முறை வந்த பிறகே இக்குறை ஓரளவு நீங்கியது.

மாண்டோரின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதா என்னும் வினாவே ஆணையத்தின் முதற்பெரும் சோதனையாயிற்று. 1915 ஏப்ரலில் பிரான்சில் இறந்த இளம் அதிகாரி ஒருவர் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரர் என்பதால் அவருடைய உடல் சிறப்பு அனுமதியோடு இங்கிலாந்து கொண்டுவரப்பட்டது; வசதியும் செல்வாக்கும் உடையோர்க்கு ஒரு நீதி, சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு வேறொரு நீதி என ஆகிவிடும் என்பதை உணர்ந்த வேர், உடல்களைக் கொண்டுவருவதற்கே தடை பெற்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியக இயக்குநராயிருந்த ஃபிரெடரிக் கென்யன் 1918இல் அளித்த அறிக்கை இதை ஒரு கோட்பாடாக வடித்தது: பதவி, இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் ஒரே அளவும் வடிவும் கொண்ட கல், கல்லறை இல்லாதவர்க்கு நினைவுச் சின்னத்தில் பெயர். தம் மகனின் கல்லறைக்குச் சிலுவை வைக்கும் உரிமையைக் கேட்ட பெற்றோர் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். 1920 மே 4ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நெடிய விவாதம் நடந்து ஆணையத்தின் கொள்கையே நிலைபெற்றது. தம் பதினெட்டு வயது மகனை 1915இல் லூஸ் போர்க்களத்தில் இழந்து, உடலும் கிடைக்கப்பெறாத எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், ஆணையத்தின் இலக்கிய ஆலோசகராக இருந்து கல்வெட்டு வாசகங்களை அமைத்தார்.

பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1928 முதல், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம் நீங்கலாக, அவ்வாயிலின் கீழ் நாள்தோறும் இரவு 8 மணிக்கு ஊதுகொம்பு ஒலிக்கிறது. சோம் போர்க்களத்தில் எட்வின் லுட்யன்ஸ் அமைத்த தியெப்வால் சின்னம் 72,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்குகிறது. லண்டன் ஒயிட்ஹாலில் அதே லுட்யன்ஸ் அமைத்த செனோடாப், அதாவது உடல் வேறெங்கோ கிடக்க ஓரிடத்தில் எழுப்பப்படும் வெற்றுக் கல்லறை, 1920 நவம்பர் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்றே பெயரறியாத வீரன் ஒருவனின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் மன்னர்களின் நடுவே அடக்கம் செய்யப்பட்டது. பெயரற்றவனுக்கும் இடம் தேடிய அச்செயல், பெயர் தெரிந்தவர் எவரும் விடுபடலாகாது என்னும் எண்ணத்தின் மறுபக்கமாகவே விளங்கிற்று.

கோட்பாடு தவறிய இடங்கள்

அக்கோட்பாடு எங்கும் ஒருபடித்தாகச் செயல்படவில்லை என்பதை இந்திய வீரரின் வரலாறு காட்டுகிறது. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் படையிலும் துணைப்பணியிலும் ஈடுபட்டு, 74,000 அளவினர் மாண்டனர். 1915 மார்ச்சில் இந்தியப் படை முன்னின்று பொருத பிரான்சின் நெவ் ஷாப்பெல் என்னும் ஊரில், ஹெர்பர்ட் பேக்கர் அமைத்த நினைவுச் சின்னம் 1927இல் திறக்கப்பட்டது. கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள், அதிகாரி, சிப்பாய் என்னும் வேறுபாடின்றி அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

1915இன் இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சிலிருந்து மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, அனுப்பப்பட்டது. அக்களத்தில் இறந்து கல்லறை அறியப்படாதோர்க்காக 1929இல் எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட, இந்தியச் சிப்பாய்கள் அவரவர் படைப்பிரிவின் கீழ் இத்தனை பேர் என எண்ணால் மட்டும் குறிக்கப்பட்டனர். ஒரே படைப்பிரிவில் ஒரே உடுப்போடு நின்ற இருவருள் பிரான்சில் மாண்டவருக்குப் பெயரும், ஓராண்டு கழித்து மெசபடோமியாவில் மாண்டவருக்கு எண்ணும் கிடைத்தன. ஐரோப்பியர் கண்முன் கடைப்பிடித்த சமத்துவத்தைப் பிரிட்டிஷ் பேரரசு தன் குடியேற்ற நிலங்களுக்குக் கொண்டுசெல்லத் தேவையில்லை எனக் கருதிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் காண்பது அரிது.

ஆப்பிரிக்காவில் நிலைமை இதனினும் கொடிது. கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் சுமை தூக்கும் பணியில் நோயாலும் பசியாலும் இறந்த பல்லாயிரவர்க்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நைரோபி, மொம்பாசா, தார் எஸ் சலாம் நகரங்களில் பெயரில்லாத வெண்கல உருவங்களே அவர்களுக்காக நிற்கின்றன. உள்ளூர் மக்கள் கல்லறைக் கல்லின் பொருளை உணரமாட்டார்கள் என்னும் கருத்தை 1923இல் ஓர் ஆளுநரே முன்வைத்தார். இவற்றை ஆராய அமைக்கப்பட்ட சிறப்புக் குழுவின் அறிக்கையைப் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை பிறர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படாமலோ முற்றிலும் விடுபட்டோ போயினர் என்றும் அது கூறியது. இனப்பாகுபாடே இதற்குக் காரணம் என்பதை ஆணையம் ஒப்புக்கொண்டது; பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இதையடுத்து, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினப் பணியாளரின் பெயர்களை மரத்தூண்களில் தனித்தனியே பொறித்த நினைவுச் சின்னம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது.

இந்தியக் கிராமங்களிலும் இதே குறை சிறிய அளவில் காணக்கிடக்கிறது. போருக்குப்பின் பஞ்சாப் முதல் சென்னை மாகாணம் வரை ஊர்ப்பொதுச் சுவர்களில் பதிக்கப்பட்ட கற்பலகைகள், அவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரையான பெரும்போருக்கு எத்தனை பேர் சென்றனர், அவருள் எத்தனை பேர் இறந்தனர் என இரண்டு எண்களைத் தெரிவிப்பதோடு நின்றுவிடுகின்றன. சில பேர் மட்டுமே இறந்த சிற்றூரில் அவர்களின் பெயரை வெட்டக் கல்லில் இடம் போதாது எனச் சொல்ல முடியாது. ஆநிரைப் பூசலில் விழுந்தவன் பெயரையும் வீரனோடு நின்ற நாயின் பெயரையும் வெட்டிவைத்த நாட்டில், உலகப் போரில் விழுந்தவன் வெறும் எண்ணாகப் பதிவானான்.

கடல் கடந்த களங்கள்

இரண்டாம் உலகப் போரின் கிழக்குக் களம் தமிழரோடு நேரடித் தொடர்புடையது. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அவர்களுள் பெரும்பகுதியினர் பிரிட்டிஷ் இந்தியப் படையினர். அதே சிங்கப்பூரில், மலாயாத் தோட்டத் தொழிலாளரான தமிழர் பெருமளவில் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தின் பெயரறியா வீரர்க்காக 1945 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் அடிக்கல் நாட்டிய சின்னம், பிரிட்டிஷார் திரும்பியதும் இடிக்கப்பட்டது. அவ்விடத்தைச் சுட்டும் நினைவுக்கல் 1995இல்தான் நிறுவப்பட்டது. எதிரெதிர் அணிகளில் நின்று மாண்ட அவ்விருவகை வீரருள் ஒருவர்க்குப் பெயரும் மற்றவர்க்கு இடிபாடும் கிட்டியதைத் தீர்மானித்தது போரில் வென்ற தரப்பே.

அதே போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளரையும் கொண்டு அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதையும் இங்கே எண்ணத்தக்கது. அங்கு மாண்ட ஏறத்தாழ 12,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் காஞ்சனபுரி முதலிய இடங்களில் தனித்தனிக் கல்லறை பெற்றனர். அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் இறந்த தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர், படைவீரர் அல்லர் என்பதாலும் அவர்களுக்குப் பதிவேடு வைப்பார் இல்லாததாலும், மண்ணோடு மண்ணாயினர். படைவீரர்க்குரிய நினைவு நாளின் எல்லைக்கு வெளியே நிற்பவராயினும், பெயர்ப்பதிவு இல்லாத சாவு எவ்வளவு விரைவில் மறக்கப்படும் என்பதற்கு அவர்களே சான்று.

விடுதலை பெற்ற இந்தியா

1931இல் திறக்கப்பட்ட டெல்லி இந்தியா கேட், 70,000க்கும் மேற்பட்ட இந்திய வீரரின் நினைவாக எழுப்பப்பட்டதாயினும், 13,000 அளவிலான பெயர்களையே தாங்குகிறது. 1971 போருக்குப்பின் அதன் கீழ் அமர் ஜவான் ஜோதி என்னும் அணையாச் சுடர் 1972 ஜனவரி 26 முதல் எரிந்தது. விடுதலைக்குப்பின் மாண்டவரின் பெயர்கள் அங்கே இல்லை என்னும் குறை தொடர்ந்தது. 2019 பிப்ரவரி 25ஆம் நாள் இந்தியா கேட் அருகே திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னமே அக்குறையைத் தீர்த்தது. சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைக் குழு ஒன்று வடிவமைத்த அச்சின்னம் ஒன்றனுள் ஒன்றாக நான்கு வட்டங்கள் கொண்டது. தியாகத்துக்குரிய வட்டத்தின் சுவர்களில் 1947 முதல் மாண்ட 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தனித்தனிக் கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பரம்வீர் சக்கரம் பெற்றவர்க்கு மார்பளவுச் சிலைகள் தனியிடத்தில் இருப்பினும், வட்டச் சுவரில் அவர்களின் பெயர்க்கல்லும் மற்றவரின் பெயர்க்கல்லும் ஒரே அளவினவாக அமைந்திருப்பது சமத்துவக் கோட்பாட்டின் நல்ல எடுத்துக்காட்டாகும். 2022 ஜனவரியில் அணையாச் சுடரும் அங்குள்ள சுடரோடு இணைக்கப்பட்டது.

1999 கார்கில் போரின்போது மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய போர்களில் மாண்டோர் பெரும்பாலும் களத்தருகிலேயே எரியூட்டப்பட்டனர். 527 பேர் உயிர்விட்ட கார்கில் போரின்போது உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பும் முறை பரவலாயிற்று. படாலிக் பகுதியில் மாண்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் எழுந்தது போல, வீரனின் பெயர் தலைநகரின் சுவரோடு நில்லாமல் அவன் ஊருக்கும் திரும்பியது. நடுகல் மரபுக்கும் நவீன நாட்டின் மரியாதைக்கும் இடையே இருந்த இடைவெளி இவ்வாறு சற்றே குறைந்தது.

ஒரு மறுப்பும் விடையும்

இத்தகைய நாள்கள் போரையே புகழ்வதாக முடியும் என்னும் மறுப்பு புதிதன்று. நினைவு நாளில் அணியப்படும் செந்நிறப் பாப்பிப் பூவுக்கு மாற்றாக, பிரிட்டனின் கூட்டுறவு மகளிர் அமைப்பு 1933இல் வெண்ணிறப் பாப்பியை அறிமுகப்படுத்தியது இக்கருத்தினால்தான். இந்தியாவில் இம்மறுப்பு வேறு வடிவம் கொண்டது: அந்நிய அரசுக்காகப் போரிட்டவர் நம்மவரா என்னும் ஐயத்தால், இரு உலகப் போர்களிலும் மாண்ட இந்தியர் விடுதலைக்குப்பின் நெடுங்காலம் பொதுநினைவின் ஓரத்திலேயே வைக்கப்பட்டனர். போரின் நியாயம் அதைத் தொடங்கியோர் மீதான வழக்கு. கூலிக்காகவோ கடமைக்காகவோ வறுமையாலோ சென்று மாண்ட சிப்பாயின் மீது அதைச் சுமத்துவது முறையாகாது. மேலும், பெயர்ப்பட்டியல் போரைப் புகழ்வதற்கு உதவும் கருவியும் அன்று. வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரில் வெற்றியும் இல்லை, வீரவசனமும் இல்லை. இறந்த நாளின் வரிசையில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்களே உள்ளன. அப்போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அச்சுவரின் முன் ஒன்றாக நிற்க முடிந்தமைக்குக் காரணம் அதுவே. எண்ணிக்கை அரசியலுக்கு எளிதில் பயன்படும். பெயரோ ஒரு தாயையும் ஓர் ஊரையும் உடன் கொண்டுவருவதால் போரின் விலையை மறைக்க விடாது.

செய்ய வேண்டுவன

ஆகவே நினைவு நாளின் பணி இரண்டு நிமிட மௌனத்தோடு முடிவதன்று. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த முதல் உலகப் போர்க்காலப் பஞ்சாப் பதிவேடுகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரரின் ஊர்வாரி விவரங்களோடு எண்ணிமமாக்கப்பட்டு 2021இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தமை, ஒரு நூற்றாண்டு கழிந்தும் இப்பணி இயலும் என்பதை மெய்ப்பிக்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே 53 இந்து, சீக்கிய வீரர் எரியூட்டப்பட்ட இடத்தில் 1921 முதல் நின்ற பெயரற்ற சத்திரி மண்டபத்துக்குப் பக்கத்தில், 2010இல் அவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன.

தமிழ்நாட்டிலும் இத்தகைய பணிக்கு வழி உண்டு. ஊர்ச்சுவர்களில் எஞ்சியுள்ள பெரும்போர்ப் பலகைகளை வெள்ளையடிப்பிலிருந்தும் இடிப்பிலிருந்தும் காத்து ஆவணப்படுத்துவது முதற்படி. போர்க் கல்லறை ஆணையத்தின் பொதுத் தரவுத்தளத்தில் இந்திய வீரர் பலரின் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டிருப்பதால், பலகை காட்டும் எண்ணுக்கு உரிய பெயர்களை அதிலிருந்து தேடியெடுப்பது வரலாற்று மாணவர்க்கு இயலக்கூடிய பணி. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் ஊராட்சிகளும் கைகோத்தால், கிடைக்கும் பெயர்களைப் பழைய பலகையின் அருகே புதிய கல்லில் பொறித்து, அடுத்த நினைவு நாளில் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் உரக்கப் படிக்கச் செய்யலாம். ஓர் ஊர் தன் ஒரு பலகையைப் படித்து ஒரு பெயரையேனும் மீட்குமாயின், அதுவே வீழ்ந்த வீரர்க்கு அவ்வூர் செய்யும் முறையான மரியாதையாகும்.